'கிராஷ் லேண்டிங் ஆன் யூ': பணம் தாண்ட முடியாத ஒரே வேலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுக்க உடைத்துத்தான் எழுதப்போகிறேன். இந்தத் தென்கொரியத் தொடர் வந்து வருடக்கணக்காகிவிட்டது, இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது, மொத்தம் 16 எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு சினிமாவில் பாதிக்கு மேல் நீளம்.

இந்தத் தொடரைப் பற்றி நம்மூரில் எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் ஹீரோ ஹ்யூன் பின்னின் கன்னக்குழியைப் பற்றித்தான். 2020 லாக்டவுனில் கே-டிராமா பக்கம் வந்த பலருக்கு இதுதான் முதல் தொடர், அதனால் அந்த மயக்கம் புரிகிறது. அப்புறம் ஜோடியாக நடித்த இருவரும் 2022 மார்ச்சில் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள், கேட்க வேண்டுமா. ஆனால் என் கணக்கில் இது ஒரு நாடு இரண்டாகப் பிளந்ததைப் பற்றிய தொடர். காதல் அந்த விஷயத்தை வீட்டுக்கூடத்துக்குள் கொண்டுவர உதவிய வாகனம். அந்த வாகனம் எங்கே வரை போகிறது, எங்கே துணியாமல் நின்றுவிடுகிறது என்பதுதான் எனக்கு சுவாரசியம்.

கொரியக் காதல் தொடர்களில் காதலைத் தடுக்க என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். பணக்கார மாமியார் கவரில் பணம் வைத்து மேஜையில் நகர்த்துவார், லாரி மோதும், ஞாபகம் போகும், இல்லாவிட்டால் பத்து வயதில் நடந்த ஏதோ ஒரு தீ விபத்து. இங்கே கதாசிரியர் பார்க் ஜி-உன் அந்தக் கவரை ஹீரோயின் கையிலேயே கொடுத்துவிட்டார். யூன் சே-ரி ஒரு பெரும் தொழில் குடும்பத்தின் வாரிசு, சொந்தமாக அழகுசாதன நிறுவனம் நடத்துகிறாள், பணத்தால் எதையும் நகர்த்திவிடலாம் என்று நம்புகிறவள். அப்படிப்பட்டவளை ஒரு பாராகிளைடரோடு சூறாவளியில் தூக்கி வடகொரிய எல்லைக்குள் ஒரு மரத்தின் மேல் போட்டால் அவளுடைய பணம் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அவளைக் கண்டுபிடிக்கும் ராணுவ கேப்டன் ரி ஜோங்-ஹ்யோக்கிடம் வைர மோதிரம், சம்பளம், பதவி என்று என்னென்னவோ பேரம் பேசிப் பார்க்கிறாள். அந்த மண்ணில் அவளுடைய பெயருக்கே மதிப்பில்லை.

1953 ஜூலை 27-ஆம் தேதி கொரியப் போர் நின்றது, முடியவில்லை. கையெழுத்தானது போர்நிறுத்த ஒப்பந்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. நடுவே நான்கு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு ராணுவமற்ற மண்டலம், பெயர்தான் அப்படி, உலகத்திலேயே இவ்வளவு ராணுவம் சூழ்ந்த இடம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். தெற்கில் இருக்கும் ஒருவர் அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் வடக்கில் இருப்பவரோடு தொடர்புகொள்வதே சட்டமீறல். இவ்வளவையும் காதலர்களுக்கு நடுவே வைத்தாயிற்று, இனி மாமியாரும் லாரியும் எதற்கு?

தொடருக்கான பொறி 2008-இல் நிஜமாக நடந்த ஒரு சம்பவம்: தென்கொரிய நடிகை ஒருவர் படகில் போனபோது மூடுபனியில் வழிதவறி வடக்கு எல்லைக்குள் போய்த் தப்பி வந்தார். எழுத்தாளர் குழுவில் வடக்கிலிருந்து தப்பி வந்த ஒருவரும் இருந்தார், வடக்குக் கிராமக் காட்சிகளில் அது நன்றாகவே தெரிகிறது.

இந்தத் தொடரின் உயிரே அந்தக் கிராமம்தான். சமையலறைத் தரைக்கு அடியில் கிம்ச்சி வைக்கும் குழி, கறியை உப்புக்குள் புதைத்து வைப்பது, திடீரென்று போகும் மின்சாரம், ராத்திரியில் வீடு வீடாகப் புகுந்து யார் தங்கியிருக்கிறார்கள் என்று சோதனை போடும் ஆட்கள், குளிப்பதற்கு பிளாஸ்டிக் தாளைக் கூடாரமாகக் கட்டி உள்ளே சுடுதண்ணீர் வைப்பது. சந்தையில் தெற்கத்திய ஷாம்பூ ரகசியமாகக் கைமாறும். ஒரு எபிசோடில் தலைநகர் பியோங்யாங் போகிற ரயில் மின்சாரம் இல்லாமல் நடு வயலில் நின்றுவிடுகிறது, நின்றது ராத்திரி முழுக்க நிற்கிறது. யாரும் கத்தவில்லை, பதறவில்லை. சுற்றுப்புறத்து ஆட்கள் போர்வையும் சாப்பாடும் விற்க ஓடிவருகிறார்கள், பயணிகள் இறங்கி நெருப்பு மூட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். இப்படி நடப்பது அவர்களுக்குப் பழகிப்போனது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. (அந்தக் காட்சியை மங்கோலியாவில் எடுத்தார்கள், வடக்கில் போய் எடுக்கவா முடியும்.)

தென்கொரிய சினிமாவும் டிவியும் வடக்கத்தியரைக் காட்டும்போது பெரும்பாலும் ஒற்றன், கொலைகாரன், அல்லது பரிதாபத்துக்குரிய அகதி என்று மூன்று அச்சில்தான் வார்க்கும். இதில் வருவது நாலு அதிகாரிகளின் மனைவிமார், அவர்களுக்குள் யாருடைய வீட்டுக்காரர் பெரிய பதவி என்கிற போட்டி, ஒருத்திக்குப் பிறந்தநாள் என்றால் மற்றவர்கள் காட்டும் பயபக்தி, ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டே ஊர்வம்பு. தெற்கில் இதைப் பார்த்த வயதானவர்களுக்கு இது வேறு நாடாகத் தெரிந்திருக்காது, தங்கள் சிறுவயதுத் தெருவாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதில்தான் தொடரின் முதல் தந்திரமும் இருக்கிறது, முதல் பொய்யும் இருக்கிறது. எதிரி நாட்டைத் தொலைந்துபோன சொந்த ஊராகக் காட்டினால் பார்க்கிறவன் மனம் இளகும், அது தந்திரம். ஆனால் அப்படிக் காட்டுவதற்காக பசி, அரசியல் சிறை முகாம்கள், பேசினால் காணாமல் போகிற வாழ்க்கை எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆட்சியைப் பற்றித் தொடர் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. எல்லாக் கொடுமைக்கும் சோ சோல்-காங் என்ற ஒரே ஒரு கெட்ட அதிகாரி பொறுப்பு, அவன் போய்விட்டால் எல்லாம் சரி என்பது போல ஓர் ஏற்பாடு. தெற்கிலேயே இது வடக்கை அழகாக்கிக் காட்டுகிறது என்று ஒரு சிறு கட்சி புகார் கொடுத்தது. அந்தப் புகார் அபத்தம்தான், ஆனால் எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை.

அப்படி மூடி வைத்ததை ஒரே ஒரு பாத்திரத்தின் வழியாகத் தொடர் கசியவிடுகிறது: ஒட்டுக்கேட்கும் வேலை பார்க்கிற ஜோங் மான்-பொக். கிம் யங்-மின் நடித்திருக்கிறார், என்னைக் கேட்டால் முழுத் தொடரிலும் இவருடையதுதான் முதல் இடம். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க அடுத்தவன் வீட்டுப் பேச்சைக் கேட்டு எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது அவன் வேலை. ஊரே அவனை 'காது' என்று கேவலமாக அழைக்கிறது, அவன் மகனைப் பள்ளியில் அதற்காகவே அடிக்கிறார்கள். ஹீரோவின் அண்ணன் இவன் அம்மாவுக்கு ஆபத்தில் உதவியவர், அந்த அண்ணனையே ஒட்டுக்கேட்டு அவர் சாவுக்கு வழி செய்ய வேண்டிய நிலைமையில் இவனை நிறுத்தினார்கள். இப்போது தம்பி வீட்டில் யாரோ ஒரு பெண் இருக்கிறாள், அவள் யார் என்று கேட்டுச் சொல் என்கிறார்கள். அவன் கேட்கிறான். அவளுடைய சிரிப்பு, சண்டை, தூக்கம் வராமல் அவள் புலம்புவது எல்லாவற்றையும் கேட்கிறான். கேட்கக் கேட்க அவனால் அவளைக் காட்டிக்கொடுக்க முடியாமல் போகிறது. எனக்கு அவன்தான் இந்தத் தொடரின் முதல் ரசிகன் என்று தோன்றியது. நாம் திரை வழியாகச் செய்வதை அவன் கம்பி வழியாகச் செய்கிறான், நமக்கு நடப்பதுதான் அவனுக்கும் நடக்கிறது. ஒரு வித்தியாசம், நாம் இளகினால் நமக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் அவன் சிக்கிய பிறகு அவன் மனைவியோடு யாரும் பேசவே பயப்படவேண்டிய நேரத்தில், அந்த வம்புக்காரப் பெண்கள் இருட்டில் சாப்பாட்டோடு வந்து சேர்வது நான் மறுபடி மறுபடி பார்க்கிற காட்சி. ஹீரோ துப்பாக்கி எடுக்கும் எந்தக் காட்சியைவிடவும் அதில் துணிச்சல் அதிகம்.

இன்னொருவன் கிம் ஜூ-மொக், ஹீரோவின் படைப்பிரிவில் இருக்கும் சிப்பாய், தென்கொரிய சீரியல் பைத்தியம். சே-ரி எல்லைக்குள் நழுவி வந்ததற்கே ஒரு காரணம், காவல் நேரத்தில் இவன் ஒளிந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததுதான். முழுக்கக் காமெடிப் பாத்திரம், தெற்குப் பேச்சை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வான், தெற்குக்கு வந்ததும் தன் அபிமான நடிகையை நேரில் பார்த்து உருகுவான். இந்தத் தொடர் முடிந்தது 2020 பிப்ரவரியில். அதே வருடம் டிசம்பரில் வடகொரியா ஒரு சட்டம் போட்டது: தெற்கத்திய படம், தொடர் பார்த்தால் வருடக்கணக்கில் கட்டாய உழைப்பு முகாம், பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது ஜூ-மொக் வரும் காட்சிகளில் எனக்குப் பழையபடி சிரிப்பு வரவில்லை.

சரி, சே-ரி பக்கம் வருவோம். சோன் யே-ஜின் இந்தப் பாத்திரத்தை அலட்டலும் காயமும் ஒரே முகத்தில் தெரியும்படி செய்திருக்கிறார். எவ்வளவு நல்ல சாப்பாடு என்றாலும் மூன்று வாய்க்கு மேல் சாப்பிடாதவள், மாத்திரை இல்லாமல் தூங்காதவள். அப்பாவின் திருமணத்துக்கு வெளியே பிறந்தவள் என்பதால் வளர்ப்புத்தாய் சின்ன வயதில் அவளைக் கடற்கரையில் இரவில் விட்டுவிட்டு வந்த கதை பின்னால் வருகிறது. சில வருடம் முன்னால் சுவிட்சர்லாந்து போனதே உயிரை விடத்தான். இப்படிப்பட்டவள் வடக்கில் மண்ணெண்ணெய் வாசமும் கரிப்புகையும் இருக்கிற வீட்டில், சுட்ட சிப்பியின் ஓட்டிலேயே சோஜு என்கிற கொரியச் சாராயத்தை ஊற்றிக் குடித்து, வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குகிறாள். தெற்கின் செல்வம் அவளுக்குப் பசியைக் கொடுக்கவில்லை, வடக்கின் வறுமை கொடுத்தது என்பது எழுத்தாளரின் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, 1990-களில் பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த நாட்டை ஒரு கோடீஸ்வரப் பெண்ணின் பசியின்மைக்கு மருத்துவமனையாக்குவது நியாயமா? எழுத்தாளருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும், அதனால்தான் அவள் ஊர் திரும்பிய பிறகும் பழைய வாழ்க்கை அவளுக்குப் பொருந்துவதில்லை என்று இழுத்துக் காட்டுகிறார். முழுதாகச் சமாதானம் ஆகவில்லை எனக்கு.

மெழுகுவர்த்திக் காட்சியைச் சொல்லாமல் போனால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். அவள் வாசனை மெழுகுவர்த்தி கேட்கிறாள், அவன் மின்வெட்டுக்குத்தான் கேட்கிறாள் என்று சாதா மெழுகுவர்த்தி வாங்கி வருகிறான். பிறகு இருட்டிய சந்தையில் அவள் வழிதவறி நிற்கும்போது கூட்டத்துக்கு நடுவே ஒரு கை மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடிக்கிறது, இந்த முறை வாசனையோடு. அவ்வளவுதான் காட்சி. ஆடம்பரம் என்று அவன் கிண்டலடிக்காமல், அவளுடைய உலகத்தில் அதற்கு ஒரு பொருள் உண்டு என்று ஏற்றுக்கொண்டுவிட்டான். தக்காளிச் செடிக்குத் தினம் பத்து நல்ல வார்த்தை சொல்லச் சொல்வதும் அதே ரகம்.

ஒரு சின்ன விஷயம். தப்பான ரயில்கூடச் சரியான ஊரில் கொண்டுபோய் விடும் என்று இந்தியாவில் ஒரு பழமொழி இருப்பதாக சே-ரி சொல்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் எந்தப் பாட்டி வாயிலும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை, ஒரு இந்திப் படத்தில் வந்த வசனம் அது. நம் ரயில்களின் லட்சணத்துக்கு அந்தப் பழமொழி இருந்திருந்தால் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

சியோலுக்குக் கதை வந்ததும் தொய்வு ஆரம்பிக்கிறது. பத்தாவது எபிசோடுக்குப் பிறகு சே-ரியின் அண்ணன்மார் சதி, வில்லனின் துரத்தல், துப்பாக்கிச் சண்டை, மருத்துவமனை, மறுபடி மருத்துவமனை. ஹீரோவைத் தேடி ரகசியமாகத் தெற்குக்கு வந்த சிப்பாய்கள் வறுத்த கோழிக் கடையில் உட்கார்ந்து தின்பதைக் கேமரா எவ்வளவு ஆசையாகக் காட்டுகிறது என்றால், ஸ்பான்சர் யார் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது ஜோடியான சோ டான், கு சுங்-ஜுன் கதையில் ஆரம்பத்தில் முதல் ஜோடியைவிட நிஜம் அதிகம் இருந்தது. ஹீரோவுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் வடக்கில் ஒளிந்திருக்கும் ஒரு மோசடிக்காரனும் மெல்ல ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்குவது. கடைசியில் அவனைக் கொன்றுவிட்டார்கள். முதல் ஜோடியைப் பிரித்துக் கண்ணீர் வாங்கத் தைரியம் இல்லை, அதனால் இரண்டாவது ஜோடி பலி. இது பழைய வித்தை, எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

முடிவு வேறு விஷயம். ஜோங்-ஹ்யோக்கையும் சிப்பாய்களையும் வடக்கிடம் ஒப்படைக்கிறார்கள். எல்லைக்கோட்டில் அவன் திரும்பி அவளை நோக்கி ஓடிவந்து கட்டிக்கொள்கிறான், இரண்டு பக்கத்துப் படைகளும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நிஜத்தில் அந்தக் கோட்டில் அப்படி ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூடாது. பிறகு அவன் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போன செய்திகள் ஒரு வருடம் அவள் போனுக்கு வருகின்றன. அப்புறம் சுவிட்சர்லாந்து. அவன் பியானோக் கலைஞனாக அங்கே வர, அவள் இசை மாணவர்களுக்கான உதவித்தொகை என்று ஒரு வழி ஏற்படுத்த, வருடத்தில் இரண்டு வாரம் ஒன்றாக இருக்கிறார்கள். 'என்ன இது, சேர்த்துவைத்தார்களா இல்லையா' என்று பலர் எரிச்சலாகக் கேட்டார்கள்.

அந்த இரண்டு வாரத்தை நிஜத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். போரில் பிரிந்த குடும்பத்தாரைச் சந்திக்க வேண்டும் என்று தெற்கில் பதிவு செய்தவர்கள் 1,30,000 பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் யாரையும் பார்க்காமலே இறந்துபோனார்கள். 2000-த்திலிருந்து 2018 வரை 21 முறைதான் நேரடிச் சந்திப்பு நடந்தது. கம்ப்யூட்டர் குலுக்கலில் பெயர் விழ வேண்டும், பெரும்பாலும் வடக்கில் உள்ள கும்காங் மலையில் மூன்று நாள், 2018-இல் அதிலும் எல்லாம் சேர்த்து சுமார் 12 மணி நேரம்தான். தொண்ணூறு வயது அம்மா எழுபது வயது மகனின் கன்னத்தைத் தடவிவிட்டு பஸ்ஸில் ஏறுவார், பஸ் ஜன்னலுக்கு வெளியே மகன் நிற்பான், அதோடு சரி. அதற்குப் பிறகு கடிதம் கிடையாது, போன் கிடையாது. 2018 ஆகஸ்டுக்குப் பிறகு அதுவும் நடக்கவில்லை. இதைப் பார்த்து வளர்ந்த ஒரு நாட்டுக்கு வருடத்தில் இரண்டு வாரம், அதுவும் ஒவ்வொரு வருடமும் என்பது நினைத்துப் பார்க்க முடியாத பேராசை. கடைசி எபிசோடுக்கு 21.7 சதவீத ரேட்டிங், அன்றைக்கு டிவிஎன் சேனலின் சரித்திரத்திலேயே அதிகம், ஏதோ முத்தக்காட்சிக்காக மட்டும் வந்திருக்காது.

சுவிட்சர்லாந்தைத் தேர்ந்தெடுத்ததும் ஏரி அழகுக்காக மட்டும் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க 1953-இல் அமைத்த நடுநிலை நாடுகளின் ஆணையத்தில் சுவிஸ் அதிகாரிகள் இருந்தார்கள், இன்றைக்கும் எல்லையில் உள்ள பான்முன்ஜோமில் இருக்கிறார்கள். வடக்கு மேல்மட்டத்துப் பிள்ளைகள் படித்ததும் அங்கேதான், இப்போதைய தலைவர் உட்பட. இரண்டு கொரியர்களும் வெறும் மனிதர்களாக நிற்கக்கூடிய மண் கொரியாவிலேயே இல்லை என்பதை அந்த ஒரு தேர்வு சொல்லிவிடுகிறது.

ஆனால் தொடர் துணியாத இடமும் இதுதான். அவன் ராணுவ மேலிடத்துத் தளபதியின் மகன், அவள் கோடீஸ்வரி, அதனால்தான் அந்த இரண்டு வாரம் கிடைத்தது. வேலியைப் பணம் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு போயிற்று, அதுவும் இரண்டு பக்கத்திலும் உச்சத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும். மான்-பொக்குக்கு அது கிடையாது. பியோ சி-சு, சே-ரியோடு முதல் நாளிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டே இருந்த அந்த சார்ஜென்ட், அவளை இனி ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. எனக்கு அழுகை வந்தது காதலர்களுக்காக இல்லை, சிப்பாய்கள் விடைபெறும்போதுதான்.

இன்றைக்கு இப்படி ஒரு தொடர் எடுக்க முடியுமா என்றால் சந்தேகமே. 2018-இல் இரு தலைவர்களும் கைகோத்துக் கோட்டைத் தாண்டிய நாட்களின் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தபோது உருவானது இது. தொடர் முடிந்த நாலே மாதத்தில் கேசோங்கில் இருந்த இரு நாட்டுத் தொடர்பு அலுவலகத்தை வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது. 2024-இல் இரு கொரியாக்களின் இணைப்பு என்ற இலக்கையே கைவிட்டு, பியோங்யாங்கில் இருந்த இணைப்பு வளைவையும் இடித்துவிட்டார்கள். ஹீரோ பியானோ வாசித்த சுவிட்சர்லாந்து ஏரிக்கரையான இசெல்ட்வால்டில், சில நூறு பேர் வாழும் கிராமம் அது, கூட்டம் தாங்காமல் 2023-இல் அந்தச் சின்னப் படகுத்துறைக்கு வாயிற்கதவு வைத்து ஆளுக்கு 5 பிராங்க் வசூலிக்க ஆரம்பித்தார்கள்.

பார்க்கலாமா என்றால் கட்டாயம் பாருங்கள், ஆனால் சப்டைட்டிலோடு கொரிய மொழியில் பாருங்கள். நடிகர்கள் வடக்குப் பேச்சுவழக்கைப் பயின்று பேசியிருக்கிறார்கள், டப்பிங்கில் எல்லோரும் ஒரே குரலாகிவிடுவதால் பாதி நகைச்சுவை காணாமல் போகிறது. முதல் இரண்டு எபிசோட் கொஞ்சம் கார்ட்டூன்போல இருக்கும், கிராமத்துப் பெண்கள் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். 11-லிருந்து 14 வரை அண்ணன்மார் பேசும் இடங்களை ஓட்டிவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை. கோழிக் கடை வரும்போது மட்டும் பக்கத்தில் தின்ன ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.